எடை குறைந்த பிறகான நான்கு ஆண்டுகள்

92 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு வர எனக்குப் பதினொரு மாதம் ஆனது. அது முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குறைத்த கதையைச் சுருக்கமாக விட்டுவிடுகிறேன். குறைந்த எடை திரும்பாமல் பார்த்துக்கொள்ள ஓர் உணவியல் நிபுணரிடமும் ஒரு மருத்துவரிடமும் இன்றுவரை போய்வருகிறேன். அதனால் என்ன கிடைத்தது என்பதைத்தான் எழுத வேண்டும்.

இதற்கு முன்பும் ஒருமுறை ஏறக்குறைய இதே அளவு குறைத்திருக்கிறேன். அப்போது சேர்ந்த பயிற்சித் திட்டம், இலக்கு எடை வந்த அன்றே முடிந்துவிட்டது. வாழ்த்தினார்கள், படம் எடுத்தார்கள், அனுப்பிவைத்தார்கள். அடுத்த ஒன்றரை ஆண்டில் 14 கிலோ ஏறியது. மன உறுதி இல்லாதவள் என்று என்னை நானே பழித்துக்கொண்ட காலம் அது.

இரண்டாம் முறை, இலக்கை நெருங்கும்போதே உணவியல் நிபுணர் ஒரு முழுச் சந்திப்பை இதற்கென்று ஒதுக்கினார். கொழுப்பு குறையும்போது அது சுரக்கும், பசியை அடக்கும் லெப்டினும் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது என்று படம் வரைந்து விளக்கினார். எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் இந்தச் சுரப்புகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்று 2011இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியதாம். சிறுத்த உடல் செலவிடும் கலோரியும் முன்பைவிடக் குறைவு. ஆக, பசி கூடுகிறது, செலவு குறைகிறது. என் குணக்கேடு என்று நான் சுமந்துகொண்டிருந்ததில் பெரும் பங்கு உடலின் வேலை என்று தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

அன்று அவர் போட்டுக் கொடுத்த ஏற்பாடு இதுதான். முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பு, பிறகு மாதம் ஒன்று, இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று. காலையில் எழுந்ததும் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். இலக்கு எடையிலிருந்து 1.4 கிலோ வரை கூடினால் பச்சை, அதைத் தாண்டினால் மஞ்சள், 2.3 கிலோ ஆகிவிட்டால் சிவப்பு. மஞ்சளில் நானே சரிசெய்து பார்க்கலாம். சிவப்பு வந்தால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் அவரை அழைக்க வேண்டும். இந்த வண்ண முறை அவர் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் எடை குறைத்த 314 பேரை 18 மாதம் கவனித்து 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பயன்படுத்தியது. தபாலில் தகவல் மட்டும் பெற்றவர்களில் சுமார் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியது. நேரில் கூடிப் பேசியவர்களில் அது சுமார் 46 சதவீதம். நேரில் போயும் பாதிப்பேருக்கு ஏறியிருக்கிறதே என்று கேட்டேன். "ஆமாம், அதனால்தான் உங்களை விடப்போவதில்லை" என்றார்.

தினமும் எடை பார்ப்பது முதலில் வதைத்தது. ஒரே இரவில் ஒரு கிலோ கூடியதைக் கண்டு பகல் முழுவதும் பட்டினி கிடந்திருக்கிறேன். உடலில் சேமிக்கப்படும் சர்க்கரையான கிளைக்கோஜனின் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்கிறது, ஒருநாள் ஏற்றம் பெரும்பாலும் நீர்தான் என்று அவர் சொன்ன பிறகே நிதானம் வந்தது. இப்போது ஏழு நாள் சராசரியை மட்டும் பார்க்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் அப்பா மருத்துவமனையில் இருந்தார். ஏழு வாரம். இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், கிடைத்த நேரத்தில் கிடைத்ததைச் சாப்பிடுவேன், நடைப்பயிற்சி அடியோடு நின்றது. எடை பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். சிவப்பைத் தாண்டிவிட்டது என்று உடைகளே சொல்லின. இரண்டு சந்திப்புகளைக் காரணம் சொல்லித் தள்ளினேன். வெட்கம்தான் காரணம். மூன்றாவதைத் தள்ளியபோது அவரே தொலைபேசியில் அழைத்தார். எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்பா எப்படி இருக்கிறார்? நீங்கள் தூங்குகிறீர்களா?" என்றார். போனேன். 81.3 கிலோ. குறைக்கச் சொல்லவில்லை. அப்பா வீடு திரும்பும்வரை இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். வேளை தவறாத ஒரு சாப்பாடு, ஐந்து மணி நேரத் தூக்கம், மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்குவது, இவ்வளவுதான் கேட்டார். அப்பா நலமாகி வீட்டுக்கு வந்தார். அதிலிருந்து ஐந்து மாதத்தில் 77க்கு வந்தேன். முதல் திட்டத்தில் இருந்திருந்தால் அந்த 81 எங்கே போய் நின்றிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மருத்துவரின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எடை இறங்கியபோது எழுந்து நின்றால் தலைசுற்றியது. ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்து, அதற்காக நான் எடுத்துவந்த மாத்திரையின் அளவைக் குறைத்தவர் அவர். நானாக நிறுத்தியிருந்தால் ஆபத்து.

எல்லாமே எனக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் கலோரி குறிக்கும் செயலி என்னைச் சாப்பாட்டைக் கண்டே அஞ்ச வைத்தது. நான்கு மாதத்தில் விட்டுவிட்டேன், உணவியல் நிபுணரும் வற்புறுத்தவில்லை. தசை வலுவுக்கான பயிற்சியைத் தொடங்கச் சொல்ல அவர் ஓராண்டு தாமதித்தார் என்ற குறை எனக்கு உண்டு, நேரிலேயே சொல்லியிருக்கிறேன். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, முதல் மாதத்திலிருந்தே அது தேவைப்பட்டது. யாரிடமாவது சேரப்போகிறவர்கள், இலக்கு எடை வந்த பிறகு எத்தனை காலம் பார்ப்பீர்கள் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இந்த வாரச் சராசரி 76.6. மஞ்சள். சனிக்கிழமையிலிருந்து மாலை நடையை மறுபடி ஒரு மணி நேரமாக்கியிருக்கிறேன். அடுத்த சந்திப்புக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.