காரைக்குடி மேடைக்கு பேஸ் கிட்டார் ஆம்ப், பெடல்: எத முதல்ல வாங்கணும்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பாட்டுக் கச்சேரியில பேஸ் வாசிக்கிற தம்பிங்க யாரப் பாத்தாலும் "அண்ணே எந்த ஆம்ப் வாங்கலாம், எத்தன வாட்ஸ் எடுக்கணும்"னுதான் ஆரம்பிக்கிறாங்க. என் பதில் ஒண்ணுதான். ஆம்ப் ரெண்டாவது, முதல்ல டிஐ அவுட், அதாவது கிட்டார் சிக்னல மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்தி நேரா அனுப்பற வழி, இருக்கற ஒரு ப்ரீஆம்ப் பெடல் வாங்குங்க. கையில இருக்க காசு ஒரே ஒரு பொருளுக்குத்தான் வரும்னா யோசிக்காம அதுக்குப் போடுங்க. நான் வச்சு வாசிக்கிற மூணு பொருளப் பத்தி இங்க எழுதறேன், பெரிங்கர் பிடிஐ21ங்கற டிஐ பெடல், ஃபெண்டர் ரம்பிள் 40ங்கற ஆம்ப், ஜூம் பி1எக்ஸ் ஃபோர்ங்கற எஃபெக்ட்ஸ் பெடல். நம்ம ஊரு மேடை எப்டி இருக்கும்ங்கறதையும் சேத்துதான் சொல்லணும், ஏன்னா சென்னையில ஏசி ஹாலுக்குள்ள வாசிக்கறவங்க சொல்ற ஆலோசனை மாசி-பங்குனி திருவிழா மேடைக்கு அப்டியே பொருந்தாது.

நம்ம பக்கம் கச்சேரின்னா மைக்செட் அண்ணன்தான் எல்லாம். அவரு இறக்கற பாக்ஸ்லதான் சனங்க பாட்டு கேக்கப் போறாங்க, நம்ம ஆம்ப் எவ்ளோ பெருசா இருந்தாலும் அது மேடையத் தாண்டாது. அப்போ நம்ம பேஸ் சத்தம் மிக்சருக்கு எப்டிப் போகுதுங்கறதுதான் முதல் விஷயம். மேடையேறுன உடனே "அண்ணே பேஸுக்கு டிஐ பாக்ஸ் இருக்கா"ன்னு கேட்டா "அதெல்லாம் எதுக்கு தம்பி, நேரா ஜாக்கக் குத்து"ன்னு ஒரு நீள கேபிள நீட்டுவாரு. அவர் மேல தப்பே இல்ல, கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் அந்த கேபிளே போதும். ஆனா பாசிவ் பேஸ் (உள்ள பேட்டரி இல்லாதது) பிக்கப்புக்கு 1 மெகா ஓம் அளவுக்கு பெரிய இன்புட் வேணும், மிக்சரோட லைன் இன்புட் சாதாரணமா 10, 20 கிலோ ஓம்தான் இருக்கும், அதுல நேராக் குத்துனா மேல இருக்கற தெளிவெல்லாம் செத்து போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி ஆயிடும். அதோட அந்த நீள கேபிள் பேலன்ஸ்டு, அதாவது இரைச்சல தானே அடிச்சுடற வகை, கிடையாது, வழியில இருக்கற சீரியல் செட் லைட்டு, ஜெனரேட்டர் ஒயர் எல்லாத்தோட இரைச்சலையும் வாங்கிட்டு வந்து சேரும். டிஐ பெடல் இருந்தா நம்ம காலடியிலயே சிக்னல மாத்தி எக்ஸ்எல்ஆர் கேபிள்ல அனுப்பிடலாம், பாட்டுக்காரங்க மைக்குக்கு போடற அதே கேபிள்தான், எந்த மைக்செட்லயும் ஒண்ணு ரெண்டு கூடுதலா கிடக்கும்.

இதுக்கு நான் வச்சிருக்கறது பெரிங்கர் பிடிஐ21. அமெரிக்காவுல டெக் 21 கம்பெனி போடற சான்ஸ்ஆம்ப் பேஸ் ட்ரைவர் டிஐன்னு பேர் போன பெடல் ஒண்ணு இருக்கு, அதே வழியில கம்மி வெலைக்கு வந்தது இது. 9 வோல்ட் பேட்டரியிலயும் ஓடும் அடாப்டர்லயும் ஓடும். ஆறு குமிழ், லெவல், பிளெண்ட் (கிட்டாரோட சொந்த சத்தத்தையும் பெடல் சத்தத்தையும் கலக்கறது), ட்ரெபிள், பேஸ், ட்ரைவ் (கரகரப்பு ஏத்தறது), பிரசன்ஸ். கவனிங்க, மிட், அதாவது நடு சத்தத்துக்கு குமிழ் கிடையாது. இந்த வகை சர்க்யூட்டுக்கு நடுவுல கொஞ்சம் குழி விழற குணம் உண்டு, வீட்ல தனியா வாசிச்சா பளபளன்னு அழகா கேக்கும், மேடைல தவில் சாம்பிள், டோலக், ரெண்டு கீபோர்டு எல்லாம் சேந்தா பேஸ் எங்க போச்சுன்னே தெரியாது. நம்மாளுங்க வாசிக்கறதுல பாதி இளையராஜா பாட்டு, அவரோட பேஸ் லைன் ஒரே சுரத்துல நிக்கற லைன் இல்ல, பாடறவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டே மேல வரைக்கும் ஏறி எறங்கும், ஒவ்வொரு சுரமும் தனித்தனியா கேட்டாதான் பாட்டு பாட்டா இருக்கும். அதுக்கு உயிர் மிட்லதான் இருக்கு.

அதனால பிளெண்ட முழுசா திருப்பாதீங்க. பாதி, இல்ல அதுக்கும் கொஞ்சம் கம்மி, அப்பதான் நம்ம கிட்டாரோட சொந்த மிட் உள்ள கலந்து வரும். ட்ரைவ் குமிழ் கடிகார முள் பத்து மணி காட்டற வாக்குல, பிரசன்ஸ் அதுக்கும் கீழ, பேஸ் குமிழ் நடுவுல. மெதுவா வாசிச்சா சுத்தமாவும், அழுத்தி அடிச்சா ஓரத்துல லேசா கரகரப்பும் வரணும், அந்த இடத்துல நிறுத்திட்டு அப்பறம் தொடவே தொடாதீங்க. பிளாஸ்டிக் பாடிங்கறதால நான் இத மிதிக்கறதில்ல, எப்பவும் ஆன்லயே வச்சு ஸ்டாண்டு ஓரமா போட்டுடுவேன். காசு இருக்கறவங்க சான்ஸ்ஆம்ப் வெர்ஷன் 2 போங்க, அதுல மிட் குமிழ் சேத்துட்டாங்க, மிக்சர்ல இருந்து வர்ற 48 வோல்ட் ஃபேண்டம் பவர்லயே ஓடும், பேட்டரி கவலையே இல்ல.

அந்த லேசான கரகரப்பு வெறும் ஸ்டைலுக்குன்னு நெனைக்காதீங்க. பேஸோட கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அஞ்சு கம்பி பேஸ்ல பி 31 ஹெர்ட்ஸ் பக்கம். சின்ன கிராமத்து மேடைல இருக்கற பாக்ஸ்ல பல நேரம் அந்த 41 வெளியவே வராது, கச்சேரிய போன்ல வீடியோ எடுத்து கேக்கறவங்களுக்கு சுத்தமா வராது. ஆனா ட்ரைவ் கொஞ்சம் இருந்தா அதோட ரெண்டு, மூணு, நாலு மடங்கா 82, 123, 165னு மேல்வரிசை பலமா வரும், நம்ம காது அதக் கேட்டுட்டு அடி சுரத்த தானா சேத்துக்கும். ஓவர்ட்ரைவுன்னாலே ராக் மியூசிக்குன்னு ஒதுக்கற சீனியர் அண்ணன்மாருங்க இத ஒரு தடவ நம்ம ஊரு பாக்ஸ்ல போட்டு கேட்டுட்டு சொல்லட்டும்.

இப்ப ஆம்ப். ஃபெண்டர் ரம்பிள் 40, பத்து இன்ச் ஸ்பீக்கர் ஒண்ணு, எட்டு கிலோ சொச்சம்தான் வெயிட்டு, பைக்ல பின்னாடி கட்டிட்டு கானாடுகாத்தான் வரைக்கும் போயிடலாம். பேஸ், லோ மிட், ஹை மிட், ட்ரெபிள்னு நாலு குமிழ் தனித்தனியா இருக்கறதுதான் இதோட பெரிய பலம். பின்னாடி எக்ஸ்எல்ஆர் அவுட் இருக்கு, ஹெட்போன் இருக்கு, போன்ல இருந்து பாட்டு போட்டு கூட வாசிக்க ஆக்ஸ் இருக்கு. இதுக்கு கீழ இருக்கற ரம்பிள் 25ல எக்ஸ்எல்ஆர் கிடையாது, அதனால மேடைக்குப் போறவங்க அந்த வெலை வித்தியாசத்தப் பாக்காதீங்க. டோன மாத்தற பட்டன் மூணு இருக்கு, பிரைட், கான்டூர், வின்டேஜ். கான்டூர அமுக்குனா மிட் போயிடும், மேடைல அதத் தொடாதீங்க. வின்டேஜ் அமுக்கி வச்சா பழைய பாட்டுக்கெல்லாம் அவ்ளோ கதகதப்பா இருக்கு, எனக்கு இந்த ஆம்ப்ல ரொம்பப் புடிச்சது அந்த ஒரு பட்டன்தான்.

40 பத்துமா, 100 எடுக்கணுமான்னு கேப்பீங்க. 40ல இருந்து 100க்குப் போனா காகிதக் கணக்குல கூடறது வெறும் 4 டெசிபல். வாட்ஸ் டபுள் ஆனா 3 டெசிபல்தான், காதுக்கு டபுளா கேக்கணும்னா வாட்ஸ் பத்து மடங்கு ஆகணும். ரம்பிள் 100ல பன்னெண்டு இன்ச் ஸ்பீக்கர் வர்றதால கீழ கொஞ்சம் அகலமா கேக்கும், வெயிட்டும் பத்து கிலோதான், லைவ் ட்ரம்ஸ் இருக்கற குரூப்புக்கு அதுதான் சரி. ரிதம் பேடு மட்டும் வச்சு வாசிக்கற குரூப்புக்கு 40 தாராளம். 500 வாட்ஸ் ஆசை எதுக்குன்னு எனக்குப் புரியல. ஆம்பெக் எஸ்விடிங்கற பெரிய பேஸ் ஆம்ப் 300 வாட்ஸோட 1969ல வந்தப்ப பாக்ஸ்ல பேஸ அனுப்பற வழக்கம் இல்ல, மைதானம் முழுக்க ஆம்பே கேக்கணும், அதனால எட்டு ஸ்பீக்கர் கேபினெட்டோட தேவைப்பட்டுச்சு. இன்னிக்கு அந்த வேலைய மைக்செட் பாத்துக்குது, நம்ம ஆம்ப் நமக்கும் பக்கத்துல நிக்கற ரிதம் தம்பிக்கும் கேட்டா போதும்.

ஆம்ப தரையில வைக்காதீங்க. பந்தல்காரர்கிட்ட பிளாஸ்டிக் சேர் ஒண்ணு வாங்கி அதுமேல வச்சு காதப் பாத்து திருப்பி வைங்க. தரையில இருந்தா கால் முட்டிக்குதான் கேக்கும், நமக்கு கேக்கலன்னு சத்தத்த ஏத்துவோம், முன்வரிசையில உக்காந்திருக்கற ஆச்சிங்களுக்கு தலவலி வந்துரும்.

இந்த ஊருக்குன்னே ஒரு தனி சிக்கல் இருக்கு, செட்டியார் வீட்டு விசேஷம். அறுபதாங் கல்யாணம், நிச்சயம்னு வளவுக்குள்ளயே, அதாவது வீட்டு நடு முற்றத்துலயே, சின்னக் கச்சேரி வைக்கறாங்க, வெளிநாட்டுல இருந்து சொந்தமெல்லாம் வந்திருக்கும், நல்லா ரசிச்சு கேப்பாங்க, பாத்து வாசிக்கணும். கீழ ஆத்தங்குடி கல்லு, சுவர் பூரா முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுண்ணாம்புப் பூச்சு, தேக்குத் தூணு. துணி, மெத்தைன்னு சத்தத்த உறிஞ்சற பொருள் ஒண்ணுமில்ல. வளவு நடுவுல மேல தொறந்திருக்கறதால அங்க ஓரளவு பரவால்ல, முகப்புலயோ மூடுன ஹால்லயோ போட்டா சில சுரம் மட்டும் குமுறும். ஈ கம்பியோட 41 ஹெர்ட்ஸுக்கு அலை நீளம் எட்டு மீட்டர் சொச்சம், அதுல பாதி நாலு மீட்டர் சொச்சம், ஹாலோட அகலம் அந்த கணக்குல அமைஞ்சிட்டா ஓப்பன் ஈ வாசிக்கறப்பல்லாம் வீடே சேந்து பாடும், பக்கத்து சுரம் ஒல்லியா இருக்கும். அதுக்கு ஆம்ப் மாத்தி புண்ணியமில்ல. ஆம்ப மூலையில வைக்காம சுவர விட்டு தள்ளி வைங்க, பேஸ் குமிழ குறைச்சு ஹை மிட்ட கொஞ்சம் ஏத்துங்க, கம்பி மேல உள்ளங்கை ஓரத்த லேசா வச்சு சுரத்த குட்டையா முடிங்க. கானாடுகாத்தான்ல ஒரு வீட்டுல இப்டி கைய வச்சு அமுக்கி வாசிச்சப்ப, பக்கத்துல ஹார்மோனியம் போட்ட அண்ணன் திரும்பிப் பாத்து "இப்பதான்டா நீ என்ன வாசிக்கறன்னே தெரியுது"ன்னாரு. ஃபிளாட்வவுண்டு கம்பி (மேல தட்டையா சுத்துன வழுவழு கம்பி) போட்டிருந்தா இன்னும் சுலபம், அதுக்கு இயல்பாவே சத்தம் குட்டையாதான் நிக்கும்.

கரண்டு விஷயம் எல்லாத்தையும் விட முக்கியம். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், ஈ கம்பில மூணாவது ஃபிரெட்ல வர்ற ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது உர்ர்ருன்னு வர்ற ஹம்மும் நம்ம சுரமும் ஒரே இடத்துல உக்காந்திருக்கு, ஈக்யூல (டோன் குமிழ்கள்ல) அத வெட்டுனா பேஸும் சேந்து போயிடும். வர்ற இடத்துலயேதான் நிறுத்தணும். ஆம்பும் மிக்சரும் வேற வேற பிளக்குல இருந்து கரண்டு எடுத்தா எர்த் லூப் ஆகி ஹம் வரும், அதனால டிஐ வாங்கறப்ப கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கான்னு பாத்து வாங்குங்க, எக்ஸ்எல்ஆர் கேபிள்ல போற எர்த்த அது துண்டிச்சு விட்டுடும். சில பேரு ஹம் போகணும்னு த்ரீ பின் பிளக்குல எர்த் பின்ன உடைச்சு விடறாங்க, தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க தம்பிகளா, கைல கம்பி, வாய்க்கிட்ட மைக்கு, கீழ ஈரத் தரை, உயிர் போற விஷயம். ஜாஸ் பேஸ்ங்கற ரெண்டு பிக்கப் மாடல் வச்சிருக்கறவங்க ரெண்டு பிக்கப் வால்யூமையும் சமமா முழுசா வச்சுப் பாருங்க, ஒண்ணோட இரைச்சல இன்னொண்ணு அடிச்சுடும், சீரியல் செட் பக்கத்துலயும் அமைதியா இருக்கும்.

எஃபெக்ட்ஸுக்கு ஜூம் பி1எக்ஸ் ஃபோர். ஒரே நேரத்துல அஞ்சு எஃபெக்ட் வரைக்கும் அடுக்கலாம், கால் பெடலும் சேந்தே இருக்கு, நாலு பென்டார்ச் பேட்டரியில ஓடும். ட்யூனர், ரிதம், வாசிச்சத பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட்டற 30 விநாடி லூப்பர் எல்லாம் உள்ளயே. வீட்ல பிராக்டிஸ் பண்றதுக்கு இந்த வெலைல இதவிட நல்ல பொருள நான் பாக்கல, ராத்திரி ஹெட்போன் போட்டு உக்காந்தா நேரம் போறதே தெரியாது. மேடைக்கு ஒரே ஒரு குறை, எக்ஸ்எல்ஆர் கிடையாது, அதனால இதுக்கு அப்பறமா பிடிஐ21ஓ ஆம்போ இருந்தே ஆகணும். அதுல நான் மேடைல போடறது கம்ப்ரசர் மட்டும்தான் முக்கியமா, அதுவும் லேசா, பலமா அடிச்ச சுரமும் மெதுவா விட்டதும் ரொம்ப தூரம் விலகாம இருக்க. எண்பதுகளோட மெலடிக்கு கோரஸ் துளி, குத்துப் பாட்டுக்கு சில இடத்துல ஆக்டேவ் (அதே சுரத்த ஒரு ஸ்தாயி கீழ சேத்துத் தர்றது). ஆக்டேவர ஏ கம்பில அஞ்சாவது ஃபிரெட்டுக்கு மேலதான் போடணும், கீழ போனா அது சுரத்த புடிக்க முடியாம தடுமாறும். டிலே, ரிவர்பு பேஸுக்கு வேணவே வேணாம், திருவிழா தெருவுல எதிரொலி ஏற்கெனவே நெறைய இருக்கு.

வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுப் பாருங்க. சென்னை போனா அண்ணா சாலையில மியூசி மியூசிக்கல், 1842ல ஆரம்பிச்ச கடை, அங்க போயிப் பாக்கலாம், இல்லன்னா மதுரை, திருச்சி. உங்க சொந்த கிட்டாரையே எடுத்துட்டுப் போங்க. கடைல எல்லாரும் ஸ்லாப் (கட்டை விரலால கம்பிய தட்டி வாசிக்கறது) அடிச்சுப் பாப்பாங்க, நீங்க ஓப்பன் ஈய அடிச்சு நிறுத்தி வச்சு மேடை சத்தத்துக்கு ஏத்திப் பாருங்க, பெட்டி கடகடன்னு அதிருதா, ஸ்பீக்கர் திணறுதான்னு அதுல தெரிஞ்சிடும். சின்ன லீட் கிட்டார் ஆம்ப்ல பேஸக் குத்தி சத்தம் ஏத்தாதீங்க, அந்த ஸ்பீக்கரோட கோன் இந்த அசைவுக்கு செஞ்சது கிடையாது.

நம்ம பக்கம் வெளிநாட்டு சொந்தம் இல்லாத வீடே கம்மி, அதனால இதையும் சொல்லிடறேன். சிங்கப்பூர், மலேசியாவுல இருந்து மாமா ஆம்ப் வாங்கிட்டு வந்தா பயமில்ல, அங்கயும் நம்மள மாதிரி 230, 240 வோல்ட்தான், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக்கு மட்டும் சதுரப் பின்னு, மாத்திக்கலாம். அமெரிக்காவுல இருந்து வர்ற ஆம்ப் 120 வோல்ட்டா இருக்கும், பின்னாடி எழுதியிருக்கறத படிக்காம சொருகிடாதீங்க. பெடல் அடாப்டர்ல 100-240ன்னு போட்டிருந்தா எங்கயும் போடலாம், ஆனா 9 வோல்ட், சென்டர் நெகட்டிவ் (பின்னோட நடுவுல மைனஸ்)னு போட்டிருக்கான்னு பாருங்க, ரௌட்டர் அடாப்டர் பின்னு அளவு சரியா உக்காருதுன்னு எடுத்துப் போடற பழக்கம் நம்ம பசங்ககிட்ட நெறைய இருக்கு, அதுல துருவம் மாறி இருந்தா பெடல் போயிடும்.