ஹெர்பிஸ் 'பாசிட்டிவ்' என்றார்கள், எந்த டெஸ்ட் என்று நான் கேட்கவில்லை

உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாத எனக்கு ஹெர்பிஸ், அதாவது உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம் வரவைக்கும் வைரஸ் தொற்று, என்று ஒரு லேப் முத்திரை குத்தியது. மூன்று மாதம் தூக்கம் போனது. உங்களுக்கும் நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

புது உறவு. இருவரும் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று பேசி முடிவெடுத்தோம். லேபில் 'முழு பேக்கேஜ்' என்று ஒன்றை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். எல்லாம் நெகட்டிவ், ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பில்: எச்எஸ்வி 1, 2 ஐஜிஎம், பாசிட்டிவ். எச்எஸ்வி என்பது ஹெர்பிஸ் வைரஸ், 1, 2 அதன் இரண்டு வகைகள்; ஐஜிஎம் என்பது தொற்றை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் ஒரு வகை எதிர்ப்பொருள். அன்று மாலையே லேப் ஏற்பாடு செய்த மருத்துவர் போனில் வந்தார். புண் இருக்கிறதா, முன்பு வந்திருக்கிறதா, எதுவும் கேட்கவில்லை. "ஹெர்பிஸ்தான், ஆயுசுக்கும் இருக்கும், தினமும் மாத்திரை போடுங்கள்" என்றார். நான்கு நிமிடம்கூடப் பேசவில்லை. அன்றிரவு என் துணையிடம் சொன்னபோது வந்த கேள்வி, "யாரிடமிருந்து?" பதில் என்னிடம் இல்லை.

மனம் கேட்காமல் வேறொரு லேபுக்குப் போனேன். அங்கே ஐஜிஎம் நெகட்டிவ். ஆனால் ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளுக்கு டெஸ்ட் எடுத்ததில் எச்எஸ்வி-1 பாசிட்டிவ், எச்எஸ்வி-2 '1.7, பாசிட்டிவ்'. இப்போது எதை நம்புவது? முதல் லேபில் கேட்டால், அதே பேக்கேஜை மறுபடி எடுத்துப் பாருங்கள் என்கிறார்கள்!

கடைசியில் ஒரு பால்வினை நோய் நிபுணர் இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்துப் பொறுமையாகப் புரியவைத்தார். ஐஜிஎம் வந்தால் புதுத் தொற்று என்று பொதுவாக நினைக்கிறோம். ஹெர்பிஸில் அது செல்லாது. பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் ஐஜிஎம் வரலாம், தொற்றே இல்லாமலும் வரலாம், எந்த வகை என்றும் அது பிரித்துச் சொல்லாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021 வழிகாட்டுதலிலேயே ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் வேண்டாம் என்று எழுதிவிட்டது. அப்புறமும் அது பேக்கேஜில் ஏன் இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார்.

ஐஜிஜியில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்கச் சொன்னார். பரவலாகப் பயன்படும் டெஸ்ட்களில் 1.1-க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று அச்சாகிவிடும். ஆனால் எச்எஸ்வி-2-ல் 1.1 முதல் 2.9 வரை வந்தால் அது பொய்யான பாசிட்டிவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, வேறு முறையிலான இன்னொரு டெஸ்டில் உறுதிப்படுத்தியாக வேண்டும். என் 1.7 அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருந்தது. இந்தப் பொய்ப் பாசிட்டிவ் பற்றி அமெரிக்காவின் மருந்து, பரிசோதனைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே 2023-ல் எச்சரிக்கை விட்டிருக்கிறது. எதிர்ப் பக்கமும் உண்டு: தொற்றிய புதிதில் ஐஜிஜி தெரியாமல் போகலாம், அதனால் கடைசித் தொடர்பிலிருந்து 12 வாரம் கழித்து எடுத்தால்தான் நெகட்டிவை நம்பலாம்.

எச்எஸ்வி-1 பற்றி நான் பதறியதைத்தான் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வருமா என்று கேட்டார். வரும். அதேதான் அது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இருக்கிறது. உதட்டிலா, கீழேயா என்று ரத்தப் பரிசோதனை சொல்லாது. புண் இருந்தால் அது காய்வதற்குள் அதிலிருந்தே துடைத்தெடுத்து, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் டெஸ்ட் செய்வதுதான் நம்பகமானது. அறிகுறியே இல்லாதவர்களுக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்வதையே பல வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. அந்த ஒரு வரியை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால்!

12 வாரம் முடிந்ததும் வேறு முறையில் எடுத்தேன். எச்எஸ்வி-2 நெகட்டிவ். நிபுணர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். உறவு பிழைத்தது, ஆனால் அந்த "யாரிடமிருந்து?" இரண்டு பேருக்கும் மறக்கவில்லை.

முதல் லேபுக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் பிழை இல்லை, அடியில் சிறிய எழுத்தில் 'மருத்துவரின் ஆலோசனையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று போட்டிருக்கிறோமே என்று பதில் வந்தது. போனில் பேசிய மருத்துவரை ஏற்பாடு செய்ததே அவர்கள்தான். போன வாரம் பார்த்தேன், அந்தப் பேக்கேஜில் ஐஜிஎம் இன்னும் இருக்கிறது.