ஒரு பாசித் திட்டம், ஐந்து தரப்பு: எந்த அறிக்கை எடுபடும்?

மண்டபத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாக் கரையில் ஒரு மகளிர் குழுவுக்குக் கடற்பாசி வளர்ப்புத் திட்டம் எழுதினேன். ஆளுக்கு 45 மூங்கில் மிதவை. தினம் ஒன்றை அறுத்து, அதிலேயே விதைப்பாசி கட்டி இறக்கினால் 45 நாளில் முதல் மிதவை மறுபடி அறுப்புக்கு வந்துவிடும். சம்மதிக்க வேண்டியவர்கள் பெண்கள், வங்கி, மீன்வளத்துறை, வனத்துறை, நாட்டுப்படகுச் சங்கம்.

இதை மூன்று விதமாக எழுதலாம். மூன்றையும் செய்து பார்த்தவன் நான்.

எல்லாருக்கும் ஒரே அறிக்கை

எழுதுகிறவருக்கு இதுதான் சுகம். முப்பது பக்கம் அடித்து ஜெராக்ஸ் போட்டால் வேலை முடிந்தது. எண்ணும் எங்கேயும் முரண்படாது. ஆனால் "இதுல என் கூலி எங்க தம்பி இருக்கு?" என்று குழுவில் ஒரு அக்கா கேட்டார். அது 22ஆம் பக்கத்தில் 'நிகர வருவாய்' என்ற பெயரில் ஒளிந்திருந்தது.

ஆளுக்கொரு அறிக்கை

கேட்கிறவர் மனசுக்கு ஏற்றபடி எழுதலாம் என்பதால் கையெழுத்து சீக்கிரம் விழும். நான் சறுக்கியதும் இங்கேதான். வங்கித் தாளில் 365ஐ 45ஆல் வகுத்து, வருடத்துக்கு 8 அறுப்பு என்று போட்டேன். பெண்களுக்கான தாளில், வாடைக்காற்று மாதங்களில் வடகடலில் மிதவை நிற்காது என்பதால் 5 என்று போட்டேன். இடம் பார்க்க வந்த மேலாளர், கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டார். "அஞ்சு வந்தாலே பெரிசு சார்" என்றார் அவர். மேலாளர் ஃபைலை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடன் நாலு மாதம் தள்ளிப்போனது. ஐந்து தரப்பும் ஒரே டீக்கடையில் நிற்கிற ஊரில் இரண்டு கணக்கு வைத்துப் பிழைக்க முடியாது.

ஒரே கணக்கு, முகப்புத் தாள் மட்டும் வேறு

இப்போது நான் செய்வது இது. கணக்கு ஒன்றுதான், எதை முதலில் சொல்வது, எந்த அளவில் சொல்வது என்பது மட்டும் மாறும்.

மீன்வளத்துக்கான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் வந்தபோது ஒரு மிதவைக்கு வைத்த மதிப்பு 1,500 ரூபாய். பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். மிதவைக்கு 600 கைக்காசு, 45க்கு 27,000. மீன்வளத்துறைத் தாளில் இது பயனாளி எண்ணிக்கையும் மானியத் தொகையுமாக நிற்கும். வங்கித் தாளில் அதே 27,000 தவணையாகும், வாடை மாதங்களில் தவணை கிடையாது என்ற வரியோடு. பெண்கள் தாளில் மானியம் கடைசி வரி. மரிக்கொழுந்து என்கிற, தானாக விளையும் பாசியை எடுக்கத் தீவுக்குப் போய் முங்குகிற நாளோடு ஒப்பிட்டால் கையில் என்ன நிற்கும், விலை விழுந்தால் யார் வாங்குவார், ஓரா மீன் பாசியை மேய்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கேட்பது.

வனத்துறைக்கு வருமானமே பேச்சில்லை. 1986இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் குருசடையும் ஒன்று. நாங்கள் வளர்க்கிற, வெளிநாட்டிலிருந்து வந்த இதே கப்பாஃபைகஸ் பாசி அங்கே பவளப்பாறைமேல் படர்ந்த கதை அவர்களுக்கு மனப்பாடம். அதனால் அந்தத் தாளின் முதல் வரி, மிதவை தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், இறங்காது என்பது. இரண்டாவது, அறுந்த துண்டு மிதந்து போகாமல் அடியில் வலை கட்டுவது. முழு அறிக்கையையும் வரி விடாமல் படிப்பவர்கள் இவர்கள் மட்டும்தான். முதல் வழி இவர்களிடம் எடுபடும்.

இந்த மூன்றாவது வழியில் வேலை அதிகம். ஒரு எண் மாறினால் ஐந்து தாளையும் தொட வேண்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான், நாட்டுப்படகுச் சங்கத்தைத் தவிர. அவர்களிடம் தாள் செல்லாது. பெரியவர் ஒருவர் குச்சியால் மணலில் கோடு கிழித்து, "கரைவலை இப்படித்தான் வளைஞ்சு வரும். உங்க மிதவை குறுக்க நிக்குதே" என்றார். வரைபடத்தில் ஆழம் பார்த்த எனக்கு வலையின் வழி தெரிந்திருக்கவில்லை. வரிசையைக் கிழக்கே தள்ளினோம். நங்கூரக் கயிறு கூடியது, செலவும் கூடியது. அன்றிரவே ஐந்து தாளையும் திருத்தி, வங்கித் தாளை மட்டும் மறுநாள் காலையில் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.