சக்கிமுக்கித் துப்பாக்கி: பல வருஷம் வைத்திருந்தவன் சொல்வது

மருமகன் முறையில் ஒரு பையன் வேலைக்காக அமெரிக்காவில் பென்சில்வேனியா போகிறான். "மான் வேட்டைக்கு சக்கிமுக்கித் துப்பாக்கி வாங்கலாமா மாமா?" என்று கேட்டான். கல் உரசும் பொறியால் வெடிக்கும் பழைய காலத்துத் துப்பாக்கி அது. தாராளமாக வாங்கலாம், வெடிமருந்தை ஈரம் படாமல் காக்கும் பொறுமை இருந்தால்.

அங்கே 1974 முதல் இதற்கென்றே தனி வேட்டைப் பருவம் விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும், நமக்கு மார்கழி. வேட்டை உரிமம் எடுத்தே ஆக வேண்டும்.

என்னுடையது அரை அங்குலக் குழல். முதலில் கருமருந்து, அப்புறம் எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈய உருண்டை. கம்பியால் அடிவரை இறக்க வேண்டும். வெளியே உள்ள கிண்ணியில் பொடிமருந்து. விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி கிண்ணியில் விழும்; அந்தத் தீ பக்கத்துத் துளை வழியாக உள்ளே பாயும். கிண்ணியில் பாதி மருந்து போதும். துளைக்குள் அடைத்துக்கொண்டால் திரி மாதிரி எரிந்து வெடி தாமதிக்கும்.

கண்ணருகே பளிச்சென்று தீ எழும்போது முகத்தைத் திருப்பாமல், குண்டு போகும்வரை குறியைப் பிடித்திருப்பதுதான் கஷ்டம். ரொம்ப நாள் பழக வேண்டும். வெடித்ததும் புகை மூடிவிடும், மான் எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியாது. அதனால் சுடும் முன்பே அது நிற்கும் மரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வேன். உருண்டைக் குண்டு சீக்கிரம் வேகம் இழந்துவிடும். 50 கஜத்துக்கு அப்பால் மான் நின்றால் நான் சுடுவதே இல்லை. அடிபட்ட வாயில்லா ஜீவன் காட்டுக்குள் கிடந்து சாவது பெரும் பாவம்.

பனி தூறும் நாளில் விசைப்பகுதிக்கு மெழுகு பூசிய தோலுறை கட்டாயம். சுட்டபின் குழலில் படியும் கருமருந்துக் கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அன்று ராத்திரியே சோப்பு கலந்த வெந்நீரில் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடாவிட்டால் துரு பிடித்துவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இங்கே பாபநாசம், முண்டந்துறைக் காட்டில் மிளாவைப் பார்த்ததும் அந்த ஆசை வரக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; அது புலிகள் காப்பகமும் கூட. நான் என் துப்பாக்கியை அமெரிக்காவிலேயே விற்றுவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன்.

வாங்கும்போது மர வேலைப்பாட்டில் மயங்க வேண்டாம். குழலும் கிண்ணியும் காலி என்று உறுதி செய்துகொண்டு, இருட்டறையில் விசையைத் தட்டிப் பாருங்கள். பொறி கொத்தாகக் கிண்ணிக்குள் விழ வேண்டும். கல்லை மாற்றிப் பார்த்தும் ஒன்றிரண்டு பொறிதான் தெறிக்கிறது என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது வேண்டாம்.