சிம் இல்லாத டேப் வழி காட்டுமா? செல்லுலார் மாடலா, வைஃபை மாடலா

டேப் வாங்கப் போகிறவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, "ஜிபிஎஸ் ஓட டேட்டா வேணுமா?" என்பதுதான். இதற்குள் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. நாம் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பது ஒன்று, அந்த இடத்தின் மேப்பைத் திரையில் கொண்டுவந்து காட்டுவது இன்னொன்று. முதல் வேலைக்கு டேட்டா தேவையே இல்லை, ஆனால் அதற்கென்று ஒரு சிப் வேண்டும். அந்த சிப் எல்லா டேப்பிலும் இருப்பதில்லை என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ரேடியோ அலையாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. டேப் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். திருப்பி எதையும் அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டுவிட்டால், ஒவ்வொன்றும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து நம் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். டவர் இல்லாத காட்டுக்குள்ளும், நடுக்கடலிலும், மேலே வானம் தெரிந்தால் போதும்.

இப்போது மாடல்களுக்கு வருவோம். ஐபேடில் விஷயம் தெளிவு: மொபைல் டேட்டா வசதியுள்ள செல்லுலார் மாடலில் ஜிபிஎஸ் உண்டு, வைஃபையில் மட்டும் இணையும் வைஃபை மாடலில் கிடையாது. செல்லுலார் ஐபேடில் சிம்மே போடாவிட்டாலும், பிளான் எதுவும் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் இப்படி ஒரே கோடு போட முடியாது. 2012-இல் வந்த நெக்சஸ் 7 வைஃபை மாடலிலேயே ஜிபிஎஸ் இருந்தது, சாம்சங்கின் டேப் எஸ் வரிசை வைஃபை மாடல்களிலும் இருக்கிறது. விலை குறைந்த சில டேப்களில் அதை விட்டுவிடுகிறார்கள். அதனால் 'வைஃபை மாடல்' என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சிப் இல்லாத டேப்பிலும் மேப்பைத் திறந்தால் நீலப் புள்ளி வருகிறதே என்று கேட்கலாம். அது வைஃபை வழியாக வருவது. சுற்றிலும் உள்ள ரவுட்டர்களின் அடையாள எண்களை டேப் சேகரித்து, அவை எங்கெங்கே இருக்கின்றன என்று இணையத்தில் உள்ள ஒரு பெரிய பட்டியலைக் கேட்கிறது. வீடுகள் நெருங்கிய தெருவில் இது நன்றாகவே இடத்தைச் சொல்லும். நெடுஞ்சாலையில் ரவுட்டருக்கு எங்கே போவது? என் முதல் டேப் இப்படிப்பட்டதுதான். ஊருக்குள் எல்லாம் சரியாகக் காட்டியது, மலைப்பாதை தொடங்கியதும் புள்ளி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு பிரிவுகளில் எது நம் வழி என்று தெரியாமல் இருட்டில் வண்டியை ஓரங்கட்டி நின்ற அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

சரி, சிப் இருக்கிறது, டேட்டா மட்டும் இல்லை என்றால் என்ன குறையும்? முதலில், தொடக்கம் தாமதமாகும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதைக் குறிப்பு 30 வினாடிக்கு ஒருமுறை வரும், எல்லாவற்றையும் பற்றிய மொத்தப் பட்டியல் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். டேட்டா இருந்தால் இதே விவரத்தை இணையத்திலிருந்து ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்ளும், சில வினாடிகளில் புள்ளி வந்துவிடும். ஏ-ஜிபிஎஸ் என்பது இதுதான். டேட்டா இல்லாத டேப்பை ரொம்ப நாள் கழித்துத் திறந்தால், வெட்டவெளியில் சில நிமிடம் அசையாமல் வைத்துப் பொறுத்திருக்க வேண்டும். ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் துல்லியத்தில் டேட்டா உள்ள டேப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

உண்மையான இழப்பு போக்குவரத்து நிலவரம்தான். முன்னால் நெரிசலா, சாலை அடைப்பா என்பது டேட்டா இல்லாமல் தெரியாது, தினமும் நகரத்துக்குள் வண்டி ஓட்டுகிறவருக்கு இது பெரிய குறை. மேப்பை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ள வேண்டும். கூகுள் மேப்ஸில் இறக்கிய பகுதிக்குள் கார் வழி கிடைக்கும், ஆனால் நடைவழியோ பஸ், ரயில் வழியோ ஆஃப்லைனில் கிடைக்காது. ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் என்ற இரண்டு ஆப்களும், பலர் சேர்ந்து உருவாக்கும் இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து நடைக்கும் சைக்கிளுக்கும்கூட ஆஃப்லைனில் வழி சொல்லும். நீண்ட பயணங்களில் நான் நம்புவது இவற்றைத்தான்.

ஹாட்ஸ்பாட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. ஹாட்ஸ்பாட் தருவது இணையம், சிப் அல்ல. ஐபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்த ஐபேட், போனின் இடத்தை எடுத்துக்கொள்வதுண்டு, மற்ற ஜோடிகளில் அதை எதிர்பார்க்காதீர்கள். சிப் இல்லாத டேப் ஏற்கெனவே கையில் இருந்தால், ப்ளூடூத்தில் இணையும் தனி ஜிபிஎஸ் ரிசீவர்தான் நல்ல வழி. கார்மின் க்ளோ, பேட் எல்ஃப் போன்றவை இதற்கென்றே வந்தவை. இன்னொரு கருவிக்கும் சார்ஜ் போட வேண்டியிருக்கும் என்பதுதான் தொல்லை.

எனக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், டேட்டா பிளானை விட்டுவிட்டு சிப் உள்ள டேப்பைத்தான் எடுப்பேன். டேட்டாவைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், சிப்பை டேப்புக்குள் பிறகு வைக்க முடியாது. வாங்கும் முன் விவரப் பட்டியலில் 'இருப்பிடம்' பகுதியைப் பாருங்கள்: ஜிபிஎஸ், அதைப் போன்ற ரஷ்ய அமைப்பான குளோனாஸ், ஐரோப்பிய அமைப்பான கலிலியோ என்று ஏதாவது எழுதியிருக்க வேண்டும். வைஃபை, திசைகாட்டி என்று மட்டும் இருந்தால் உள்ளே சிப் இல்லை.

பழைய டேப் வாங்குகிறீர்கள் என்றால் கையிலேயே சோதித்துவிடலாம். மேப்பை இறக்கிவிட்டு, ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெட்டவெளிக்கு வாருங்கள். இருப்பிட அனுமதி மட்டும் ஆனில் இருக்கட்டும். சில நிமிடம் காத்திருந்து, பிறகு இருநூறு அடி நடங்கள். கூடவே புள்ளியும் நடந்தால் சிப் இருக்கிறது.