பழைய ரிவால்வர் வாங்கப் போகிறவர்களுக்கு: நிக்கலைப் பார்த்து மயங்காதீர்கள்

டெக்சாஸில் ஒரு கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தையில்) போன மாதம் 650 டாலர் கொடுத்து ஏமாந்தேன். என்னைப் போல் பழைய துப்பாக்கி சேர்க்கிற நம்மாட்கள் இங்கே சிலர் இருப்பதால் எழுதுகிறேன். பில்லில் இருந்தது இது: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மிலிட்டரி அண்ட் போலீஸ், .38 ஸ்பெஷல், போருக்கு முந்தையது, ஃபேக்டரி நிக்கல். அதாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' மாடல், .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கானது, இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்தது, நிக்கல் கம்பெனியிலேயே பூசியது. கைக்கு வந்ததோ கவரிங் நகை.

கண்ணாடி மாதிரி மின்னியது. கைப்பிடி மான்கொம்பு போலச் செய்த பிளாஸ்டிக். "எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, எப்படி இருக்கு பாருங்க" என்றார் விற்றவர். எண்பது வருஷப் பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

சுடும் இடத்தில் முதல் ஆறு தோட்டாவிலேயே சாயம் வெளுத்தது. காலிக் கூடுகள் சிக்கிக்கொண்டன. தட்டி எடுத்துப் பார்த்தால் எல்லாம் அடிப்பக்கம் வயிறு பருத்திருந்தன, ஒன்று நெடுக வெடித்திருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸை எடுத்தேன். வாங்கும் முன் எடுத்திருக்க வேண்டிய லென்ஸ்.

ஹேமர் (தோட்டாவை அடிக்கும் சுத்தி), டிரிக்கர் (விசை) இரண்டிலும் நிக்கல். கம்பெனி அந்தக் காலத்தில் நிக்கல் பூசி அனுப்பியவற்றில் இந்த இரண்டையும் பூசாமல் விடுவார்கள். சூடேற்றிக் கடினப்படுத்திய நீலமும் பழுப்பும் கலந்த திட்டுகள் தெரியும். பேரலில், அதாவது குழலில், எழுத்துகள் பாதி தேய்ந்து மழுங்கியிருந்தன. திருகாணிக் குழிகளின் ஓரம் கிண்ணம் போல உட்கார்ந்திருந்தது. பக்கத் தகட்டின் இணைப்பு பளிச்சென்று கோடாகத் தெரிந்தது. பூசுவதற்கு முன் பஃபிங் சக்கரத்தில் அழுத்தித் தேய்த்தவன் விட்டுப்போன தடயம் இதெல்லாம்.

கைப்பிடியின் அடியில் எண் மங்கல். ஆனால் பேரலின் அடியில், காலிக் கூட்டைத் தள்ளும் எஜெக்டர் கம்பி படுக்கிற தட்டையான இடத்தில், அதே எண் 'வி' எழுத்தோடு தெளிவாக இருந்தது. 'வி' என்றால் விக்டரி மாடல், 1942-இல் தொடங்கிய போர்க்கால உற்பத்தி. அதற்கு மங்கலான கறுப்புச் சாம்பல் பூச்சும் வழவழப்பான வால்நட் கைப்பிடியும்தான். கீழே கயிறு மாட்டும் வளையம் இருந்த துளையை அடைத்து மெழுகியிருந்தார்கள்.

பேரலில் இன்னும் ஒரு கூத்து. '.767', '3½ டன்' (சோதித்த அழுத்தம்) என்று பிரிட்டிஷ் சோதனை முத்திரை. .767 அங்குலம் என்பது .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) என்ற பழைய தோட்டாவின் கூட்டுக்கு பிரிட்டிஷார் குறித்த நீளம். .38 ஸ்பெஷல் கூடு 1.155 அங்குலம். பிரிட்டனுக்கும் அதன் கூட்டு நாடுகளுக்கும் போரில் அனுப்பிய 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்களில் ஒன்று இது. அவை பெரும்பாலும் 5 அங்குலப் பேரல் கொண்டவை. என்னுடையது 4 அங்குலம். குறிபார்க்க உதவும் முன்குறி தனித் துண்டாக ஒட்டப்பட்டிருக்கிறது. அசலில் அது பேரலோடு ஒன்றாகவே வரும்.

போருக்குப் பின் இவை உபரியாக அமெரிக்காவுக்குத் திரும்பின. ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி, தோட்டா போடும் சிலிண்டர் அறைகளை ஆழமாகக் குடைந்து, பேரலை நறுக்கி, நிக்கல் பூசி மலிவாக விற்றார்கள். பழைய தோட்டா குட்டை, ஆனால் கொஞ்சம் தடிமன். அதனால் அறையின் பின்பாதி ஸ்பெஷலுக்குத் தொளதொளவென்று இருக்கும். கூடு வயிறு பருத்தது அதனால்தான். இதைச் சுடவே வேண்டாம் என்றார் நான் காட்டிய துப்பாக்கி மெக்கானிக்.

காசு கொடுக்கும் முன் கைப்பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேரலின் அடி, சிலிண்டரின் பின்முகம் இரண்டையும் பாருங்கள். கம்பெனி நிக்கல் என்றால் 'என்' முத்திரை இருக்க வாய்ப்புண்டு. காட்ட மறுத்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள். விலை பெரிதென்றால், எப்போது எந்தப் பூச்சோடு அனுப்பப்பட்டது என்று கம்பெனியின் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும் கடிதத்தைக் கட்டணம் கட்டி வாங்கலாம்.

விற்றவரிடம் போனேன். "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். பில்லை நீட்டினால், அது பையன் எழுதியதாம். கடைசியில் 200 டாலருக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த ஷோவில் அதே பேச்சோடு அது இன்னொருவர் கையில் ஏறும். கொடுக்காமல் வந்துவிட்டேன்.