சிற்றாலயத்தில் மூன்று இரவுகள்

வடக்கு வேல்ஸின் பிளைநை ஃபெஸ்டினியோக் ஊர்ப் பக்கம், வழிபாடு நின்றுபோன ஒரு மெதடிஸ்ட் கிறிஸ்தவப் பிரிவின் சிற்றாலயத்தை விடுமுறை வீடாக மாற்றியிருக்கிறார்கள். அம்மாவோடு மூன்று இரவு தங்கினோம். சுற்றிலும் ஸ்லேட் கல் மலைகள். 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நிலப்பரப்பு இது.

புதுப்பித்தவர் மரத்தின் அருமை அறிந்தவர். பிரசங்க மேடையும், அதன் முன்னே சபை மூப்பர்கள் அமரும் ‘பெரிய இருக்கை’யும் அப்படியே இருக்கின்றன. பழைய பெஞ்சுகள்தான் சாப்பாட்டு மேசைக்கு இருக்கைகள். ஒன்றின் ஓரத்தில் குடை செருக இரும்பு வளையம். அதன் கீழே, சொட்டும் நீரைப் பிடிக்க உள்ளங்கை அளவில் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. மழையில் நடந்து வந்து ஜெபித்த குடும்பங்களை அந்தத் தட்டு கண்முன் நிறுத்திவிட்டது. அம்மா அதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

ஆனால் படுக்கையறைக்காகப் போட்ட மாடித்தளம், உயரமான ஜன்னலைக் குறுக்கே வெட்டுகிறது. வளைவு மேலே கட்டிலருகே, மீதி கீழே சமையலறையில். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தளத்தை ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே நிறுத்தியிருந்தால் வெளிச்சம் முழுதாக இறங்கியிருக்கும்.

கூரை உயரம் என்பதால் கூடம் சூடேற நேரமாகிறது. கம்பளிச் சட்டை அவசியம். வெந்நீருக்குக் குறைவில்லை. மாடிப்படி செங்குத்து, முதியவர்களோடு போகிறவர்கள் கீழறையைக் கேட்டு வாங்குங்கள். வாசலையொட்டிக் கல்லறைகள் இருக்கின்றன. பூக்களோடு உறவினர்கள் வருவார்கள். காரை அவர்கள் வழியில் நிறுத்தாதீர்கள்.